எலி சீண்டாத கடை

கடை கடையாக எலிப்பொறி வைத்துப் பிழைத்த பொறிக்காரர் தம் மனைவியின் அண்ணனுக்கு இருபதாயிரம் கடன்பட்டிருந்தார். வேன் எடுப்பதற்காக வாங்கிய கடன். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, வட்டி என்ற பேச்சே இல்லை. சொந்தத்துக்குள் வட்டி பேசினால் முகம் கோணும் என்பதால், பேசாமலே வட்டி வாங்க மச்சான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், உலை கொதிக்கிற நேரம் பார்த்து, மனைவியோடு வந்து நிற்பார். செருப்பைக்கூடக் கழற்றமாட்டார்.

"என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு எங்க சாப்பிடறோம்?"

சாப்பாடு நாக்கில் ஒட்டிக்கொண்டால் மச்சான் ஒரு ஏப்பம் விட்டு, "அசலுக்கு என்ன அவசரம், மெதுவா குடுங்க" என்பார். சாப்பாடு சுமாராக இருந்தால் பல்லைக் குத்திக்கொண்டே, "அந்த இருபதாயிரத்தைப் பத்தி ஒருநாள் உக்காந்து பேசணும் மாப்பிள்ளை" என்பார். பேச்சு முற்றினால் வேன் போகும். வேன் போனால் தொழில் போகும். ஊரில் மற்றவர்கள் ருசிக்காக நல்ல கடை தேடினார்கள், பொறிக்காரர் பிழைப்புக்காகத் தேடினார்.

இந்த நகரத்தில் கடைக்கா பஞ்சம்? தெருவுக்குப் பத்து. வெளியே கண்ணைப் பறிக்கும் விளக்கு, உள்ளே வாயில் வைக்க முடியாத சூப். படித்தவர்கள் கைபேசியில் நட்சத்திரம் எண்ணிக் கடை பிடிப்பார்கள். அந்த நட்சத்திரத்தைப் போட்டவன் கடைக்காரனுடைய தம்பி என்பது பில் வந்த பிறகுதான் உறைக்கும். பொறிக்காரர் நட்சத்திரத்தை எல்லாம் அண்ணாந்து பார்த்தவர் இல்லை. அவருடைய வேலை முழுக்கத் தரையில்.

பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு. அதிலும் நாலாவது வகுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, அவரையும் அதற்குப் பிடிக்கவில்லை. இரவல் வாங்கிய ஒரே ஒரு எலிப்பொறியோடு தொழிலுக்கு இறங்கியவர். இன்றைக்குச் சொந்தமாக அறுபது பொறி, ஒரு வேன், அந்த வேனின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு எலிப் படம். ஓவியன் வரைந்த எலிக்கு மீசை பத்தாது என்று இன்னும் நாலு முடி சேர்த்து வரையச் சொன்னவர் அவர்தான். யாருடைய சிபாரிசும் இல்லாமல், யாருடைய காலையும் பிடிக்காமல் இவ்வளவும் வந்தது. மச்சானுடைய இருபதாயிரத்தை மட்டும் இந்தக் கணக்கில் அவர் சேர்ப்பதில்லை.

அவருடைய பெருமை எல்லாம் ஒரு உருண்டையில் இருந்தது. நிலக்கடலையை வறுத்து, இடித்து, சீனியும் கொஞ்சம் நெய்யும் விட்டுப் பிசைந்து பொறிக்குள் வைப்பார். பிசையும்போது யாரையும் பக்கத்தில் சேர்ப்பதில்லை, மனைவியையும்கூட. எலிக்குச் சமைப்பதில் இந்த நகரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை அலமாரியில் இருந்த உருண்டையை மச்சானே தெரியாமல் எடுத்துத் தின்றுவிட்டு, "தங்கச்சி கைப்பக்குவம் மாறவே இல்ல" என்று சொன்னார். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அப்பேர்ப்பட்ட உருண்டையை ஒரு கடையின் எலிகள் மதிக்கவில்லை. துறைமுகச் சாலையில் நாலே மேசை போட்ட சின்ன மீன்கடை. கொல்லைப்புறத்தில் பொறி வைத்தார். மறுநாள் போனால் உருண்டை வைத்தது வைத்தபடி இருந்தது. நெய்யைக் கூட்டினார், சீனியைக் கூட்டினார். எலிகள் பொறியைச் சுற்றிக்கொண்டு குப்பைத் தொட்டிக்குப் போன தடம் மட்டும் தெரிந்தது. அவமானத்தில் பொறிக்காரருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் கடையில் என்று உள்ளே உட்கார்ந்து ஒரு தட்டு மீன் வாங்கினார். பாதித் தட்டு காலியாகும்போது எலிகள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. முழுத் தட்டு காலியானபோது மரியாதையே வந்துவிட்டது.

கடை முதலாளியம்மா மட்டும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பொறி சும்மாவே கிடக்குதே. இதுக்கா மாசாமாசம் காசு வாங்கற?"

"அம்மா, உங்க மீனை விட்டுட்டு என் பொறிக்கு எந்த எலி வரும்? அதுக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்கில்ல."

முதலாளியம்மா திட்ட வந்ததை மறந்து, இன்னொரு துண்டு மீனைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பிடிபட்டது சூட்சுமம். சமையல் மோசமான கடையில் எலி ஓடிவந்து உருண்டையில் விழும், பாவம், அதற்கு வேறு கதி இல்லை. சமையல் நன்றாக இருக்கிற கடையில் உருண்டையைத் திரும்பியும் பார்க்காது. பொறி காலியாக இருந்தால் இலை நிறையும். தொழிலில் தோற்ற இடமெல்லாம் அவருக்கு விருந்து. அந்த வார ஞாயிற்றுக்கிழமை மச்சானை மீன்கடைக்குக் கூட்டிப்போனார். மச்சான் முள்ளைக்கூட விடாமல் சப்பினார்.

"எப்படி மாப்பிள்ளை கண்டுபிடிச்சீங்க?"

"நாக்குதான் மச்சான். பிறவியிலேயே அப்படி."

எலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. தண்ணீர் வரி அலுவலகத்தில் காசாளரான மச்சானுக்கு எச்சில் தொட்டு நோட்டு எண்ணுவதுகூட அருவருப்பு. மேசையில் ஈரப்பஞ்சு வைத்து எண்ணுகிறவர். அவரிடம் போய் எலி சிபாரிசு செய்த கடை என்று எப்படிச் சொல்வது?

பிறகு நடந்ததெல்லாம் ராஜயோகம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரொட்டிக்கடை, பழைய பாலத்தடியில் சுட்ட கோழி விற்கிற கடை, தச்சுப்பட்டறைகளுக்கு நடுவில் முட்டை மட்டுமே சமைக்கிற ஒரு கிழவர். எல்லாம் எலிகள் கைகாட்டிய இடங்கள். மச்சானுக்கு இரண்டு சட்டை பற்றாமல் போயிற்று. அசலைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சறுக்கியது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சோற்றுக்கடை. மூன்று வாரமாகப் பொறி காலி, உருண்டை கற்கண்டு மாதிரி இறுகிப்போய்க் கிடந்தது. பொறிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் கூட்டிப்போனார். சோறு வந்தது. ஒரு பக்கம் வேகவில்லை, இன்னொரு பக்கம் கரிந்திருந்தது. இறைச்சியை மச்சான் இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்க்கு மாற்றி மாற்றிப் பார்த்தார், அது மசியவில்லை. மச்சானின் மனைவி, அதாவது அண்ணி, ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

அப்போது மேசைக்கு அடியிலிருந்து மயிர் அடர்ந்த ஒரு பெரிய பூனை நிதானமாக வெளியே வந்து, மச்சானுடைய கால்மீது உரசிவிட்டு அடுப்படிக்குள் போனது. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின்னால் மூன்று குட்டிகள்.

பொறிக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கடையில் எலியே இல்லை.

"நல்ல பூனை" என்றாள் அவர் மனைவி, பேச்சை மாற்றுவதற்காக.

"பூனை நல்லாத்தான் இருக்கு" என்றார் மச்சான். "மாப்பிள்ளை, அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். ஒண்ணு, வாழ்நாள்ல மறக்க முடியாத சாப்பாடு. இல்லன்னா இருபதாயிரம். ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சரிதான்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "பிறவி நாக்கு, பிறவி நாக்குன்னீங்களே. அது எங்க போச்சு இன்னிக்கு?"

"நாக்கு இருந்துச்சு. பூனையும் இருந்துச்சு."

"வேனை வித்துட்டு அறுபது பொறியையும் தலையில சுமந்துட்டா போவீங்க?"

பொறிக்காரர் தலையைத் தடவிக்கொண்டார். ஒருமுறை மனத்துக்குள் சுமந்து பார்த்தார். கழுத்து வலித்தது.

அந்த வாரம் முழுக்கப் பேய் மாதிரி அலைந்தார். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, "பூனை இருக்கா?" இருபது வருஷமாக எலியைப் பற்றி விசாரித்த மனிதர் பூனையைப் பற்றி விசாரிக்கவும் கடைக்காரர்கள் தொழில் மாற்றிவிட்டாரோ என்று நினைத்தார்கள். ஒருவர் தம் கடைப் பூனையை விலைக்கே தர முன்வந்தார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, கடை மட்டும் சிக்கவில்லை. போன இடமெல்லாம் எலிகள் உருண்டைக்காக வரிசையில் நின்றன.

வெள்ளி நடுப்பகலில் ஒரு போன். நீதிமன்றத்துக்குப் பின்சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கடை. முதலாளியின் குரல் தாழ்ந்து வந்தது.

"நாலு நாளா பொறியில ஒண்ணும் விழலப்பா. சாயங்காலம் சுகாதார ஆபீசர் சுத்திப் பார்க்க வராராம். பின்பக்கமா வா. சாப்பிடறவங்க கண்ணுல மட்டும் பட்டுடாத."

"பூனை இருக்கா?"

"எனக்கே நிக்க இடமில்ல, பூனைக்கு எங்க போவேன்?"

பொறிக்காரருடைய வேன் அன்றைக்கு ஓடியது மாதிரி என்றைக்கும் ஓடியதில்லை.

பின்கதவு வழியாகப் போய்க் கொல்லையில் பொறியைப் பார்த்தார். உருண்டை வைத்தது வைத்தபடி. கும்பிடலாம் போல் இருந்தது. பொறியைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுப்படியை ஒட்டிய கைகழுவும் இடத்துக்கு வந்தார். கூடத்தில் கூட்டம் நெரிந்தது. வாசனையே பாதி வயிற்றை நிரப்பியது. ஞாயிற்றுக்கிழமை பிழைத்தோம் என்று அவர் மூச்சு விட்டபோது, உள்ளேயிருந்து பழகிய குரல் ஒன்று கேட்டது.

"நான் போர்டைப் பார்க்கமாட்டேன், கூட்டத்தைப் பார்க்கமாட்டேன். வாசல்ல நின்னு மூக்கால ஒரு தடவை இழுப்பேன், அவ்வளவுதான். இந்தக் கடை நல்லா இருக்கும்னு போன வாரமே மூக்கு சொல்லிடுச்சு. என் நாக்கு பிறவியிலேயே அப்படி."

பொறிக்காரர் தடுப்புப் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தார். மச்சான். சுற்றிப் பதினைந்து பேர், எல்லோர் கழுத்திலும் அலுவலக அட்டை. ஆள் ஆளுக்குக் காசை எடுத்து மச்சானிடம் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், அடுத்த வெள்ளிக்கும் எங்க மூணு பேரைச் சேர்த்துக்கங்க. முட்டைக் கிழவர் கடைக்குத் திரும்பவும் போறதா இருந்தா ரெண்டு மடங்கு தரோம்."

மச்சான் காசைப் பையில் வைத்துவிட்டு எழுந்து கைகழுவ வந்தார். சோப்புப் போட்டு நுரை பொங்கும்போது நிமிர்ந்தார். எதிரில் மாப்பிள்ளை, கையில் பொறி.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார் மச்சான்.

"நீங்க எங்க இங்க, மாப்பிள்ளை?"

"வேலையா வந்தேன்."

"என்ன வேலை?"

பொறிக்காரர் பொறியை உயர்த்திக் காட்டினார்.

"இங்க எலி இருக்கா?"

"இருக்கு மச்சான். வசதியாவே இருக்கு."

"நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேனே."

"அதுவும் அதைத்தான் சாப்பிடுது."

மச்சானுடைய முகத்தில் ஒவ்வொரு கடையாக வந்து போவதைப் பொறிக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மீன்கடை?"

"எலிதான் சொல்லுச்சு."

"ரொட்டிக்கடை? சுட்ட கோழி?"

"எல்லாமே."

"முட்டைக் கிழவர்?"

"அங்க குடும்பம் குடும்பமா இருக்கு."

மச்சான் கண்ணை மூடினார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வாந்தி வரும் என்று பொறிக்காரர் ஒரு அடி விலகினார். ஆனால் வந்தது ஏப்பம். அதுவும் திருப்தியான ஏப்பம்.

"உங்க ஆளுங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லல" என்றார் பொறிக்காரர். "ஆனா தலைக்கு எவ்வளவு வாங்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஊர் சுத்திக் காட்டறதுக்குச் சும்மா ஏதோ…"

"மச்சான், இந்தப் பொறியைத் தூக்கிட்டு அப்படியே கூடம் வழியா நடந்து போகவா?"

மச்சான் சொன்னார். எத்தனை வெள்ளிக்கிழமை என்பதையும் சொன்னார். காசாளர் இல்லையா, எல்லாம் கையில் கணக்காக இருந்தது.

"பாதி என்னுது" என்றார் பொறிக்காரர்.

"பாதியா? மூக்கால இழுத்தது நானு."

"மீதிப் பாதி மூக்குக்கு."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார். பின்னால் அண்ணி. கூடத்தில் பாய் விரித்து நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பொறிக்காரருடைய பங்கு இருபத்தோராயிரத்துச் சொச்சம் வந்திருந்தது.

"எதுக்கு மாப்பிள்ளை குடுத்து வாங்கிட்டு" என்றார் மச்சான். "கடன்ல கழிச்சுக்கலாம். மிச்சத்தை மட்டும் தரேன்."

"கழிக்கற பேச்சு வேண்டாம் மச்சான். வாங்கும்போது கையில எண்ணித்தான் வாங்கினேன். நாளைக்கு யாராவது கேட்டா, என் கடனைக் கழிச்சுவிட்டாங்கன்னு சொல்லணுமா? குடுத்தேன்னு சொல்லணுமா?"

"அதே நோட்டுதானே திரும்பி வரப்போகுது?"

"என் கைக்கு வந்துட்டுத்தானே வரும்."

"ரெண்டும் ஒரே மாதிரி பைத்தியம்" என்றாள் அண்ணி. "எண்ணுங்க. பசிக்குது."

மச்சான் பையிலிருந்து ஈரப்பஞ்சுக் கிண்ணத்தை எடுத்து வைத்தார். விரலை நனைத்து ஒவ்வொரு நோட்டாகப் பொறிக்காரருடைய கையில் போட்டார். முழுக்கப் போட்டு முடித்ததும் பொறிக்காரர் சொச்சத்தைப் பிரித்து மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அவர் கிண்ணத்தைத் தம் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கையை நீட்டுங்க மச்சான்."

மச்சான் நீட்டினார். பொறிக்காரர் எண்ணத் தொடங்கினார். பாதியில் மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ இன்னிக்கு எங்க சாப்பிடறோம்?"

"அசல் தீர்ந்தா வட்டி எதுக்கு மச்சான்?"

"வட்டி இல்ல. பசிதான் இருக்கு. நீதிமன்றத்துக்குப் பின்னாடி போலாமா?"

"எலி இருக்கும்."

"இருக்கட்டும். அதுக்குத் தெரியாததா?"

பேச்சில் எண்ணிக்கை தவறிவிட்டது. பொறிக்காரர் எல்லா நோட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு, விரலைப் பஞ்சில் நனைத்து, விரித்து நீட்டிய மச்சானுடைய உள்ளங்கையில் முதலிலிருந்து ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, இருபதாயிரத்தையும் வைத்து முடித்தார்.