டாக்டரம்மாவுக்கு மட்டும் டிக்கெட் இல்லை

இன்று காலை பாண்டி பஸ்ஸில் கண்டக்டர் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்தார். எங்கள் மரக்காணம் ஆஸ்பத்திரியின் கென்யா டாக்டரம்மாவுக்கு மட்டும் தர மறுத்தார்.

கண்டக்டர் மனைவிக்கு நிறைமாசம்.

“நீங்க போயிட்டா அவளை யாரும்மா பாக்கறது? நீங்க எறங்காம விசில் ஊத மாட்டேன்.”

பாண்டியில் வேலை பார்க்கும் கென்யாக்காரர்கள் ஞாயிறுதோறும் ஒன்றுகூடி, மக்காச்சோளக் களி கிண்டிச் சாப்பிட்டு, சொந்த பாஷையில் பேசித் தீர்ப்பார்கள். இன்று டாக்டரம்மாவும் அங்கேதான் கிளம்பியிருந்தார்.

“போன வாரம் பாம்புக்கடி, அதுக்கு முந்தி பிரசவம். இன்னிக்கும் போவலன்னா என் பாஷையே மறந்துடும்பா,” என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸே கண்டக்டர் கட்சி. “எறங்குங்கம்மா, நேரமாவுது!”

நான் சும்மா கொளுத்திப் போட்டேன். “அண்ணே, அண்ணியையும் ஏத்திக்கங்களேன்.”

மனிதர் நிஜமாகவே வீட்டுக்கு ஓடினார். மனைவியோடு மாமியாரும் வந்து ஏற, பஸ் கிளம்பியது.

இருவருக்கும் நடுவில் நசுங்கிய டாக்டரம்மாவிடம் மாமியார் சொன்னார்: “நாங்களும் அங்கியே வந்து குந்திக்கிறோம். எல்லாரும் தமிழ்லயே பேசுங்க, எங்களுக்கும் புரியணும்ல.”

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நான் அவரைக் காப்பாற்றினேனா, மாட்டிவிட்டேனா? பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருக்கும் இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்து அவரிடமே ஊசிக்குப் போவதற்குள் தெரிந்தாக வேண்டும்.