மஸ்கட் வரை கேட்ட முனகல்

2008, மழை ஓய்ந்திருந்த சமயம். கணவர் மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். கடலூர் வீட்டில் நானும் மாமனாரும்தான். பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்திருந்தன. சிதம்பரத்தில் பிசியோதெரபி. எங்கள் பழைய காரில் வாராவாரம் நான்தான் கூட்டிப்போவேன். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் கணவர் விமானம் ஏறினார்.

ஒருநாள் சிப்காட் தாண்டி லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது ஸ்டீயரிங் கனத்தது. சிதம்பரத்துக்குள் வளைவில் திருப்பினால் முன்பக்கம் ஒரு முனகல். பின்சீட்டிலிருந்து மாமனார் குழறியபடி, "வண்டி அழுவுதும்மா" என்றார்.

அங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோது, "பவர் ஸ்டீயரிங் பம்பு போச்சுக்கா, மாத்திடலாம்" என்றார். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாகக் கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கணவருக்கு விடுமுறை. மதியம் போன் வரும். அங்கே அவர் அறையில் கூட நாலைந்து பேர் இருப்பார்கள். மனதில் இருப்பதை எங்கே பேசுவது? "சாப்ட்டியா, அப்பா எப்படி இருக்காரு" என்பதோடு வற்றிவிடும். அன்று காரைப் பற்றிச் சொன்னதும் குரலே மாறிவிட்டது.

"கீச்சுன்னு கத்துதா, முனகுதா?"

"முனகுதுங்க. முழுசா ஒடிச்சா ஜாஸ்தியாவுது."

"அப்ப பெல்ட் இல்ல. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு பக்கமும் ஒடிச்சிட்டு ஆஃப் பண்ணு. ஸ்டீயரிங் ஆயில் டப்பாவத் தொறந்து பாரு."

போனோடு காருக்குப் போய், சொன்னபடி செய்துவிட்டுத் திறந்தேன். "கொஞ்சம் கொறஞ்சிருக்கு. மேல ரோஸ் கலர்ல ஒரே நுரை."

"காத்து இழுக்குது. டப்பாலருந்து பம்புக்குப் போற ரப்பர் ஹோஸத் தடவிப் பாரு, கிளிப் மாட்டுற எடத்துல. சூடா இருக்கப்போவுது, பாத்துத் தொடு."

விரலில் வெடிப்பு தட்டியது. லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. சொன்னேன்.

"அதான். பம்பு மேல கைய வெக்க வேணாம். மொதல்ல ஹோஸ மாத்தச் சொல்லு."

மெக்கானிக் ஹோஸையும் கிளிப்பையும் மாற்றிக் கொடுத்தார். முனகல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. இன்னொரு வெள்ளிக்கிழமை கிடைத்தது.

"உள்ள காத்து நிக்குது, எடுத்துடலாம்" என்றார் கணவர். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டு வைத்துவிட்டு, ஆயிலோடு டப்பா அருகே நின்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"இஞ்சின் போடாம, மெதுவா வலது பக்கம்... ம். இப்ப இடது. அவசரப்படாத."

அவர் சொல்லச் சொல்லத் திருப்பினேன். பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்த நாட்களில் இருந்த அதே நிதானம். டப்பாவில் குமிழ்கள் வந்து உடைந்தன. அளவு இறங்க இறங்க ஆட்டோக்காரர் ஊற்றினார். குமிழ் நின்ற பிறகு இஞ்சினைப் போட்டு மறுபடி திருப்பினேன். முனகல் மெலிந்து மெலிந்து, இல்லாமல் போனது.

"நின்னுடுச்சுங்க."

"கேட்டுது. ஆஃப் பண்ணு. போன வெக்காத."

"ஏன், இன்னும் ஏதாச்சும் பாக்கணுமா?"

"ஒண்ணுமில்ல. காக்கா கத்துது பாரு. கொஞ்ச நேரம் கேக்குறேன்."

தெருவில் மீன்காரம்மா குரல் கொடுத்தபடி போனார். உள்ளே மாமனார் இருமினார். போனில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் எங்கள் பேச்சு மறுபடி சுருங்கிவிட்டது. சில வெள்ளிக்கிழமைகளில் போன் வருவதற்கு முன்பே பானட்டைத் திறந்து, அவரிடம் கேட்க ஏதாவது அகப்படுமா என்று பார்ப்பேன். வண்டி ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

மறுவருஷம் அவர் லீவில் வந்தபோது அழைத்துவரச் சென்னை விமான நிலையத்துக்கு நானே ஓட்டிப்போனேன். திரும்பும்போது, "நீயே ஓட்டு" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. வேகத்தைக் குறைத்து, குலுங்காமல் ஓட்டினேன்.