ஜகபர் அலி தனக்கே போடாத ஓட்டு

எங்கள் செஞ்சியில் நியாயம் பேசியே கெட்டவர் ஒருவர் உண்டென்றால், அது பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் செய்யும் ஜகபர் அலிதான். நல்ல மனுஷன். அதுதான் வம்பே.

தெருவுக்கு ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். குடங்களை வரிசையில் வைப்பதில் தினமும் குடுமிப்பிடிச் சண்டை. ஒருநாள் அலி துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, குடங்களைத் தடவித் தடவி அடுக்கினார். "எது யாரோட கொடம்னு எனக்குத் தெரியாது. இதான் நியாயம்!" அவர் மனைவி அசீசுன்னிசாவின் குடம் கடைசியில் போய் நின்றது. மனுஷனுக்கு ஒரே பெருமை. அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று.

எண்பத்தாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வார்டுக்கு இன்னொரு குழாய் வரும் என்று பேச்சு. அரிசி மண்டி அரிகிருஷ்ணன் ஜெயித்தால் அது கடைத்தெருவில் அவர் மண்டி வாசலுக்குப் போய்விடும். எங்கள் தெருவே சேர்ந்து அலியை நிறுத்தியது. சின்னம் குடை. அசீசுன்னிசா வீடு வீடாக ஏறி இறங்கினாள், காலெல்லாம் கொப்புளம்.

எண்ணி முடித்தார்கள். அரிகிருஷ்ணன் இருநூற்றுப் பன்னிரண்டு. அலி இருநூற்றுப் பதினொன்று. அட கடவுளே, ஒரே ஒரு ஓட்டு!

"எவன்யா அந்தப் புண்ணியவான்?" என்று பல்லைக் கடித்தேன்.

"நான்தான்" என்றார் அலி. "நிக்கிறவனும் நானு, ஓட்டு போடுறவனும் நானுன்னா நியாயமா இருக்குமா? கண்ணை மூடிக்கினு குத்தினேன். ஏணி மேல விழுந்துச்சு."

ஏணி அரிகிருஷ்ணனின் சின்னம்.

எனக்குச் சிரிப்பதா, அவரை நாலு சாத்து சாத்துவதா என்று தெரியவில்லை. அசீசுன்னிசா மட்டும் கத்தவில்லை.

"ஏங்க, நம்ம வூட்டுக்கு இத்தினி வருசமா தண்ணி தூக்குறது யாரு?"

"நீதான்."

"அப்ப குத்தறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கண்ணை மூடிக்கினு ஊருக்கே நியாயம் சொல்றீங்க. கண்ணைத் தொறந்து ஒருநாளு ஒரு கொடம் தூக்கியிருக்கீங்களா?"



மறுநாள் காலை அலியே குடத்தோடு குழாயடிக்கு வந்தார். குடத்தை இடுப்பில் வைத்தால் நழுவியது, தோளில் வைத்தால் சட்டை நனைந்தது. பாதித் தண்ணீர் வழியிலேயே போயிற்று. வாசலில் நின்ற அசீசுன்னிசா அதை வாங்கி உள்ளே வைத்தாள்.

"இன்னும் நாலு கொடம் இருக்குது" என்றாள்.