முழுக்க முழுக்க இரும்பு

நியூ டவுனில் எங்கள் குடியிருப்புக்குக் கீழேயே ஒரு மின்சார ஸ்கூட்டர் கடை திறந்திருக்கிறார்கள். பால் வாங்கப் போனவள் சும்மா இருக்காமல், வாசலில் நின்ற வண்டியின் முன்பக்கத்தை விரல் முட்டியால் தட்டினேன். டொக் என்றது. மேலே 'ஃபுல் மெட்டல் பாடி' என்று பலகை. கடைக்காரப் பெண் முறைத்தாள். அந்த டொக் எனக்குப் பழைய சிநேகிதம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரு காலத்தில் பார்க் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு விளம்பர ஆபீசில் தமிழ் எழுதிப் பிழைத்தேன். பனியன், கொசுவர்த்தி என்று எதையும் விட்டுவைக்காமல் புகழ்ந்திருக்கிறேன். கூச்சமெல்லாம் முதல் மாதத்தோடு சரி. அப்படித்தான் ஒரு ஸ்கூட்டரும் வந்தது. படம் எடுக்கும்போது அதன் முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன்.

"இது இரும்பு இல்லையே?"

வண்டிக் கம்பெனியின் வங்காளி மேனேஜர் சிரித்தார். "ஆரே தீதி, பாக்கியெல்லாம் மெட்டல்தானே!"

எனக்கோ பசி நேரம். 'முழுக்க முழுக்க இரும்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி டிபன் கடை வைத்திருந்தார். நுழைந்ததும், "இன்னைக்கி என்னம்மா எழுதுன?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி ஆற்றுவார். ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது. என்னை அப்படிக் கேட்க அவர் ஒருவர்தான். அந்தப் பெருமையில், விளம்பரம் வந்த தாளை நானே அவர் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினேன். வீடுகளுக்கு இட்லி மாவு கொண்டுபோக அதே வண்டியை வாங்கப் போவதாகச் சொன்னார்.

"நம்ம புள்ள எழுதுனதுல்லா, பொய்யாவா இருக்கும்?"

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், வடையை வைத்து மூடிக்கொண்டேன்.

வண்டி வாங்கிய மூன்றாம் மாதம் கரியாஹாட்டில் ஒரு ஆட்டோ உரசியதில் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. மாவெல்லாம் ரோட்டில், அவர் முழங்காலில் தையல். நான் பார்க்கப் போனபோது, ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்து உடைந்த துண்டில் வைத்துக் காட்டினார். விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டாம்மா. நீ என்ன செய்வ, பாவம்."

அந்தப் 'பாவம்' தாங்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும், அண்ணாச்சி" என்றேன்.

அவர் காந்தத்தை ஃபிரிட்ஜில் திரும்ப ஒட்டினார்.

மறுநாள் கடையில் தாள் இருந்த இடத்தில் முருகன் காலண்டர் தொங்கியது. காபி வந்தது, அதே நுரையோடு. கடையை மூடிவிட்டு அவர் ஊருக்குப் போகும்வரை வந்துகொண்டுதான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மோமோ விற்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. கடை போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. என்ன எழுதினாய் என்று அவர் கேட்பது அதற்கு நாலு வருஷம் முன்பே நின்றுவிட்டது.