அதே மூணு பேர்

காலை ஏழரை மணி. கூடூர் பாசஞ்சர் ஆரம்பாக்கத்தை விட்டுக் கிளம்பிய சத்தம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் வாசல் நிலையில் யாரோ தாரால் ஓர் எண்ணை எழுதியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு சொட்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன். அதற்குள் அம்மா என்னை உள்ளே இழுத்து, நெற்குதிருக்குப் பின்னால் உட்காரவைத்து, சத்தம் வரக் கூடாது என்றாள்.

அது 1951ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கு. எடுக்க வந்தவர் கும்மிடிப்பூண்டி வாத்தியார். அப்பா வயலில் இருந்தார். வீட்டில் பேசுவது தமிழா, தெலுங்கா என்று கேட்டுவிட்டு வாத்தியார் பிள்ளைகளுக்கு வந்தார்.

"மூணு பேரு சார்," என்றாள் அம்மா.

அண்ணன்கள் இருவர், அக்கா, கடைசிப் பெண் நான். நாங்கள் நான்கு பேர்.

பிறந்தபோது நான் பிழைக்க மாட்டேன் என்று என்னைப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கியிருந்தார்கள். அப்படிச் செய்தால் பிள்ளை யாருடையது என்று சாவுக்குத் தெரியாதாம். இப்போது சர்க்கார் ஆளே வந்து பெயரை எழுதிக்கொண்டு போனால் மறைத்ததெல்லாம் வீண் என்பது அம்மாவின் எண்ணம்.

மத்தியானம் சின்ன அண்ணன் என் தட்டைத் தள்ளி வைத்தான். "நீதான் கணக்குலயே இல்லியே. உனுக்கு இன்னாத்துக்கு சோறு?"

அக்கா தன் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுத்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், என் உயரம்தான். மறுநாள் நான் கிணற்றில் எட்டி, என் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது.

அந்த வாரமே தெருவில் அம்மை வந்தது. எங்கள் வாசலில் அக்காவுக்காக வேப்பிலை கட்டினார்கள். அது காய்வதற்குள் அக்கா போய்விட்டாள். அம்மையில் போனவர்களுக்காக அழக் கூடாது. அம்மன் அழைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் அழவில்லை. உலை கொதித்தது, மாடு கறந்தார்கள்.

மாதம் பிறந்ததும் கணக்கைச் சரிபார்க்க வாத்தியார் மறுபடி வந்தார். காய்ந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே நின்றார்.

"பொறப்பு, சாவு எதுனா உண்டாம்மா?"

திண்ணையில் இருந்த அப்பா தலையை நிமிர்த்தினார். அம்மா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சார். அதே மூணு பேருதான்."

வாத்தியார் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். அக்காவின் பெயர் வந்தபோது அம்மா என் தோளைப் பிடித்து வாசலுக்கு நகர்த்தினாள். அன்று காலை அவள் எனக்கு, அக்காவுக்குச் செய்வதுபோல, நடுவகிடு எடுத்து இரட்டைச் சடை பின்னியிருந்தாள். வாத்தியார் என்னைப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார்.

என் பெயரை இந்த முறையும் யாரும் எழுதவில்லை. அம்மா யாரை ஏமாற்றப் பார்த்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வாத்தியாரைத்தான் என்று நினைத்தேன்.

மத்தியானம் அவள் அக்காவின் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் போனேன்.