காரவள்ளி என்பதன் பொருள்

சுற்றுலா வருகிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் கவிதையாகத்தான் தெரிகிறது. மலைமேல் குண்டூர் நாட்டில் மரவள்ளி போடுகிற காரவள்ளியின் பெயரைக் கேட்டதும் அவர்களில் பாதிப் பேருக்குக் கண் செருகிவிடும். காட்டேஜ் கட்ட ஈரோட்டிலிருந்து வந்த சந்தோஷ்குமார் ஒரு படி மேலே போனான். கார் என்றால் மழைமேகம், வள்ளி என்றால் கொடி, மேகம் தழுவிய கொடி என்று அவளுக்கே அவள் பெயரை விளக்கினான்.

அது அடிவாரத்து ஊரின் பெயர் என்பது, அந்த ஊரைத் தாண்டியே தினமும் காரில் ஏறிவருகிற மேதாவிக்கு உறைக்கவில்லை. மலைமேல் டாக்டர் இல்லாத காலத்தில் அவளுடைய அம்மாவுக்கு வலி எடுத்தது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். காரவள்ளி வந்ததும் குழந்தை பிறந்தது, தாய் செத்துப்போனாள். அப்பன் பெயர் வைக்கவே இல்லை. ‘காரவள்ளியில பொறந்தது’ என்று ஆளாளுக்குச் சொல்ல, பள்ளிக்கூடத்து வாத்தியார் அதையே சுருக்கி எழுதிக்கொண்டார். தாயைப் பறிகொடுத்த இடத்தின் பெயரால் ஒருத்தியை ஆயுசுக்கும் கூப்பிட்ட எங்கள் ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல.

காட்டேஜுக்கு அந்தப் பெயரையே வைக்கவேண்டும் என்று சந்தோஷ்குமார் வந்து நின்றான். வீட்டுக்குள் அவள் மகள் பூங்குழலி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

“தாராளமா வெச்சுக்கங்க சாமி. எம்புள்ளைக்கு வலி எடுத்தா உங்க காரு வாசல்ல வந்து நிக்கோணும், அவ்வளவுதான்” என்றாள் காரவள்ளி.

“இதெல்லாம் சொல்லோணுங்களாம்மா?” என்று கையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்துவிட்டுப் போனான். அந்த வாரமே போர்டு ஏறிவிட்டது.

வலி எடுத்தது காலை நேரத்தில். ஆம்புலன்ஸ் இன்னொருத்தியை ஏற்றிக்கொண்டு இறங்கியிருந்தது. காரவள்ளி சந்தோஷ்குமாருக்குப் போன் போட்டாள். “கெஸ்ட்டுங்களோட அருவில இருக்கறேனுங்க, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க” என்றான். பிள்ளை வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல அவனுக்கு வாய் கூசவில்லை.

அன்னாசி ஏற்றிவந்த தனபாலின் வேனை நடுரோட்டில் மறித்து, பழங்களை இறக்கவைத்து மகளை ஏற்றினாள். அடிவாரத்தில் காரவள்ளி ஊர் வந்தபோது தனபால் தண்ணீர் குடிக்க வண்டியை மெதுவாக்கினான்.

“இங்க மட்டும் நிறுத்துன, ஒதைப்பேன். ஓட்டுடா!”

ஊர் தாண்டும்வரை அவள் உயிர் அவளிடம் இல்லை. மகளின் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அவள் பெயர் பிறந்த ஊரின் பெயர் என்று யாரோ சொல்லக் கேட்டுக்கொண்டு, மறுநாள் சந்தோஷ்குமார் ஸ்வீட் பெட்டியும் சிரிப்புமாக வந்து சேர்ந்தான்.

“போர்டக் கழட்டியாச்சுங்களா?” என்றாள் காரவள்ளி.

அவன் காதில் விழாதவன்போல் குழந்தையை எட்டிப் பார்த்தான். “பாப்பாவுக்கும் உங்களாட்டவே பொறந்த எடத்த வெச்சுப் பேரு வைங்கம்மா. அம்சமா இருக்கும்.”

“ஆஸ்பத்திரிக் கட்டில்ல பொறந்துச்சுங்க. கட்டில்னு வெக்கட்டுங்களா?”