அக்கா திருப்பி அனுப்பிய மூட்டைகள்

எங்கள் அக்கா ஊரப்பாக்கத்தில் ஆசிரியர் வீட்டு மூத்த பெண்ணாகப் பிறந்தார்கள். வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு அப்பா தவறிவிட, வெல்டிங் ராடு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். என் கல்லூரிக் கட்டணம் முதல் சவர பிளேடு வரை அந்தச் சம்பளம்தான்.

அங்கே அக்கா கையில் தினமும் புழங்கியது ரூட்டைல். கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் செம்பழுப்புக் கனிமம். வெள்ளைப் பெயின்ட்டுக்கும், விமானத்தில் சேரும் டைட்டானியத்துக்கும் அதுவே மூலப்பொருள். ராடின் மேற்பூச்சில் அதைச் சேர்த்தால் பொறி சீராகப் பிடிக்கும். பற்றவைத்த இடத்தில் படியும் கசடு தட்டினாலே உரிந்துவிடும்.

"நல்ல ரூட்டைல் காந்தத்துல ஒட்டாதுடா" என்று அக்கா சொல்வார்கள். நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை.

பிறகு நான் அதே சரக்கை வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கினேன். முதல் லோடு அக்காவின் தொழிற்சாலைக்கே போனது. அக்கா அதைத் திருப்பி அனுப்பினார்கள். வியாபாரம் அதோடு படுத்தது. பொறாமையில் கெடுத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன், நீங்களும் நம்பினீர்கள். தாம்பரத்துக் கல்யாணத்தில் அத்தை பந்தியிலேயே கேட்டார்கள்: "கூடப்பொறந்தவன் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடி, நல்லாருக்கா?" அக்கா இலையை மூடிவிட்டு எழுந்துபோனார்கள். இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த நான் சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன்பின் அக்கா எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை.

சிட்லபாக்கம் வீட்டில் அக்கா படுத்த படுக்கையாக இருந்தபோது இரண்டு முறை போனேன். "சாப்டியாடா?" என்று மட்டும் கேட்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன்.

பத்தாம் நாள் காரியத்துக்கு வந்த, அக்காவோடு வேலை பார்த்த அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "உங்க சரக்க மூணு தடவ டெஸ்ட் பண்ணாங்க சார். காந்தத்தையே மாத்திப் பாத்தாங்க. என் கைதான் தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டாங்க."

அக்காவின் கையில் தப்பில்லை. அந்த மூட்டைகளில் காந்தத்தில் ஒட்டும் மலிவான இல்மனைட் கருமணலைக் கலந்தவன் நான். அக்கா இருக்கிற இடம்தானே, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்ற தைரியம். அக்காவுக்கு எல்லாம் தெரியும். யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவமனைக்கு அலைந்த தோழிகளுக்கும் நன்றி. நான் செய்திருக்க வேண்டியதை அவர்கள் செய்தார்கள்.

அத்தை, அன்று பந்தியில் அக்காவிடம் கேட்டதை இன்று என்னிடம் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.

— தம்பி